விடியற்காலைத் தணிவு

கண்ணாடி பாட்டில் செய்யும் அந்த ஆலையில் அவளுக்கு ஜோசியரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவர்கள் உலைக்களத்து ஆட்கள். மற்ற ஜோசியர்கள் நடக்கப்போவதைச் சொல்வார்கள், நம்ம ஜோசியரம்மா நடந்து முடிந்ததைச் சொல்கிறாள், அதற்கே ஒரு கம்ப்யூட்டரும் ஏ.சி. அறையும் வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் கேலி. முதன்முதலில் இது காதில் விழுந்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. தன் வேலையை இதைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் தானே யாருக்கும் சொன்னதில்லை என்று பிறகு தோன்றியது. அதனால் கோபம் இன்னும் கொஞ்சம் கூடியது.

வேலை இதுதான். உலைக்குள்ளே கண்ணாடி உருகிக் கொதிக்கிறது. அதைச் சுற்றி ஒரு முழம் தடிமனுக்குத் தீச்செங்கல் சுவர். உருகின கண்ணாடி சும்மா கிடக்காது, சுவரை உள்ளேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கும். எவ்வளவு தின்றிருக்கிறது என்று உள்ளே தலையை விட்டுப் பார்க்க முடியாது. வெளிப்பக்கத்திலிருந்து நான்கு விரல் ஆழத்தில் தெர்மோகப்பிள் கம்பிகளைச் செருகி வைத்திருப்பார்கள். அவை காட்டும் சூட்டை வைத்துக்கொண்டு, உள்பக்கத்தில் சுவருக்குள் எவ்வளவு வெப்பம் நுழைகிறது என்று பின்னோக்கிக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். சாத்தின கதவைத் தொட்டுப் பார்த்து, உள்ளே மாமியாருக்கும் மருமகளுக்கும் எத்தனை மணிக்குச் சண்டை தொடங்கியது என்று சொல்கிற மாதிரி. சுவர் புதிதாக இருந்தபோது அந்த எண் சதுர மீட்டருக்கு எட்டு கிலோவாட். எண் ஏறுகிறது என்றால் சுவர் இளைக்கிறது என்று அர்த்தம்.

அவள் செய்கிற முறையிலும் ஒளிவுமறைவு கிடையாது. முதலில் ஓர் ஊகம் வைப்பாள். எப்போதும் அந்த எட்டுதான், இருபத்துநாலு மணி நேரத்துக்கும் எட்டு. அப்படி எட்டு நுழைந்திருந்தால் கம்பி என்ன காட்டியிருக்க வேண்டும் என்று கணக்கிடுவாள். கம்பி உண்மையில் காட்டியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, கடைசி நொடியிலிருந்து முதல் நொடிவரை காலத்தில் பின்னோக்கி ஓட்டுவாள். ஓட்டினால் ஒரு சரிவு கிடைக்கும். எந்த நேரத்து ஊகத்தை எந்தப் பக்கம் தள்ளினால் தப்பு குறையும் என்று அந்தச் சரிவு காட்டும். அந்தப் பக்கம் ஓர் அடி வைப்பாள். மறுபடி கணக்கு, மறுபடி ஓர் அடி. பத்துப் பதினைந்து அடியில் நின்றுவிட வேண்டும். பேராசைப்பட்டு மேலும் நடந்தால், கம்பியில் வருகிற சின்னச் சின்ன நடுக்கத்தையெல்லாம் உலையின் கொதிப்பு என்று எடுத்துக்கொண்டு, மணிவாரியாக அந்த எண்ணைக் கோடாகக் காட்டும் படம் கோணல்மாணலாகிவிடும். எங்கே நிற்பது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம். அது தனக்கு வேண்டிய அளவு இருக்கிறது என்பதில் ஐம்பத்திரண்டு வயதுவரை அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

உலைக்களத்தில் ஃபோர்மேன் அவளுடைய கொழுந்தன், கணவரின் ஒரே தம்பி. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் கால் வைத்த வாரத்தில், அவன் பன்னிரண்டாம் வகுப்பை இரண்டாவது தடவையாகக் கோட்டை விட்டிருந்தான். நல்ல பிள்ளை, மேல்மாடிதான் காலி என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். அவனை இந்த ஆலையில் சேர்த்துவிட்டதும் அவள்தான். அவனும் அண்ணி சொன்னால் கல்வெட்டு என்று இருந்தான். அந்தக் குணம் அவளுக்குப் பிடித்திருந்தது. தன்னைப் பெரிய ஆளாக நினைக்கிறவனை முட்டாள் என்று எண்ணிக்கொண்டே நேசிப்பது எத்தனை சுகம் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

கதை தொடங்கியது பதினொரு வாரத்துக்கு முன்னால். மேனேஜர் அவள் அறைக்கு வந்து, அந்தப் படம் அறைச் சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க படம் எப்பவும் முந்தின நாள் ராத்திரி பத்து மணியோட நின்னுடுதே? பெரிய ஆபீஸ்காரங்க நாளைக்கு வராங்க. அன்னிக்குக் காலைல ஆறு மணி வரைக்கும் கோடு வரணும். பாதியில நின்னா அசிங்கமா இருக்கு."

"ஒரு நாளைக்குத்தானே சார், பண்ணிடலாம்," என்றாள். பண்ணினாள்.

மறுநாளிலிருந்து படம் காலை ஆறு மணிவரை வந்தது. மேனேஜருக்குப் பிடித்துப்போய்விட்டதால் அப்படியே நிலைத்தது. அப்போதுதான் அவள் அந்த அதிசயத்தைக் கண்டாள். கோடு பகலெல்லாம் உயரத்தில் போகிறது, பதினொன்று, பன்னிரண்டு என்று. நள்ளிரவு தாண்டினதும் இறங்க ஆரம்பிக்கிறது. காலை ஆறு மணிக்கு அழகாக வந்து எட்டில் உட்கார்கிறது. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, தினமும். சுவர் ராத்திரியில் இளைப்பாறுகிறது!

இதைப் போய் யாராவது சும்மா விடுவார்களா? அவள் விடவில்லை. 'விடியற்காலைத் தணிவு' என்று பெயர் சூட்டி நான்கு பக்கக் கட்டுரை எழுதினாள். காரணம் மூன்று கொடுத்தாள். விடியலில் வெளிக்காற்று குளிர்கிறது என்பது ஒன்று. அந்த நேரத்தில் எரிவாயு அழுத்தம் சீராக இருக்கிறது என்பது இரண்டு. சுவர் தடிமனானது, எந்த மாற்றமும் பல மணி நேரம் தாமதித்தே அதில் தெரியும் என்பது மூன்று. மூன்றாவது காரணம் முதல் இரண்டையும் அடித்துச் சாப்பிட்டுவிடும் என்பதை அப்போது அவள் கவனிக்கவில்லை, படித்தவர்களும் கவனிக்கவில்லை. மேனேஜர் அதைப் பெரிய ஆபீஸில் நம் ஆலையின் கண்டுபிடிப்பு என்று படித்துக் காட்டினார். கைதட்டினார்கள். கணவரிடம் அந்தக் கைதட்டலை மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலாவது நாள் அவர், "நீ சொல்ற வேகத்துல இன்னும் தட்டிட்டுதான் இருக்காங்க போல," என்றார்.

அதற்கப்புறம் பகலில் எண் பதினைந்துக்கு ஏறியது, பதினேழுக்கு ஏறியது. யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஆலையில் எப்போதும் கடைசி எண்ணைத்தான் பார்ப்பார்கள். கடைசி எண் தினமும் எட்டு.

கொழுந்தன் கட்டுரையைப் படித்துவிட்டு, அதாவது தலைப்பைப் படித்துவிட்டு, அவளிடம் வந்தான். சுவரைக் குளிர்விக்க வெளியிலிருந்து காற்று அடிக்கும் குழாய்கள் வரிசையாக இருக்கும். அவற்றின் வாய்க்கு நாசில் என்று பெயர். தூசி அடைத்துக்கொள்ளும், பக்கம் திரும்பிக்கொள்ளும், தினமும் ஒருவர் சுவருக்கு ஒரு கை தூரத்தில் போய் நின்று அதைச் சரிசெய்ய வேண்டும். முகமூடி போட்டுக்கொண்டு மூன்று நிமிஷம் நின்றாலே உயிர் போய் உயிர் வரும்.

"அண்ணி, காலைலதான் சுவர் தணியுதுன்னா, நாசில் வேலைய அஞ்சரை மணிக்கு வச்சுக்கட்டுமா?"

"தாராளமா வச்சுக்கோ தம்பி. அதுக்குத்தானே கண்டுபிடிச்சது," என்றாள். தன் கணக்கு மனுஷர்களுக்கு உபயோகப்படுகிறது என்று நெஞ்சு நிறைந்தது.

பத்து நாள் கழித்து அவன் மறுபடி வந்தான். "அண்ணி, காலைலயும் சுவரு சுடுற மாதிரியேதான் இருக்கு."

"வெளிச்சுவர் சொல்றது பழைய சேதி, தம்பி. உள்ளே இப்ப நுழையற சூடு வெளியே வந்து சேர ஆறு மணி நேரமாவது ஆகும். நீ தொட்டுப் பாக்கறது நேத்து ராத்திரி சங்கதி. இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்."

அவன் தலையாட்டினான். ஒரு மாசம் கழித்து ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மறுபடியும் ஏதோ இழுத்தான். அவள் மறுபடியும் ஆறு மணி நேரப் பாடத்தை நடத்தினாள். இரண்டாவது தடவை இன்னும் தெளிவாகச் சொன்னதாக அவளுக்கு ஞாபகம்.

பதினோராவது வாரத்தில் ஒருநாள் பெரிய ஆபீஸ்காரர்கள் திடீரென்று மத்தியானம் மூன்று மணிக்கு வருவதாகச் செய்தி வந்தது. உலையை இன்னும் மூன்று மாதம் ஓட்டுவதா, இப்போதே நிறுத்திச் சுவரை மாற்றுவதா என்று அன்றைக்கு முடிவு செய்ய வேண்டும். மேனேஜர் போனில், "படம் புதுசா இருக்கணும்மா, ரெண்டு மணி வரைக்கும் போட்டுக் குடுங்க," என்றார். அவள் போட்டாள். கோடு இறங்கி வந்து இரண்டு மணிக்கு எட்டில் உட்கார்ந்தது. திருப்தியாக இருந்தது. வழக்கப்படி ஒரு பிரதி உலைக்களத்துப் பிரிண்டருக்கும் போனது. அவள் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"அண்ணி, இப்ப வந்த படத்துல ரெண்டு மணிக்கு எட்டுன்னு போட்டிருக்கே. காலைல ஒரு நாசில் சரியா திரும்பல. இப்ப தணிஞ்சுதான் இருக்குன்னா, போய் முடிச்சிட்டு வந்துடட்டுமா?"

"எட்டுன்னா எட்டுதான். போயிட்டு வா."

"அப்போ விடியக்காலைத் தணிவு மத்தியானத்துக்கு மாறிடுச்சா அண்ணி?"

"சில நாள் அப்படி மாறும்," என்று சொல்லிவிட்டு வைத்தாள். ஏன் மாறும் என்பதற்கு நாலாவது காரணம்கூட வாய்க்குள் தயாராகிவிட்டது. சீப்பைப் பைக்குள் போட்டாள். படத்தைப் பார்த்தாள்.

காலை ஆறு மணிக்குப் பத்தொன்பது.

நேற்றுவரை எந்த ஆறு மணியிலும் இல்லாத பத்தொன்பது. விடியற்காலையில் தணிவைக் காணோம். இறக்கம் காலை ஆறு மணிக்குமேல்தான் தொடங்கி இரண்டு மணிக்கு முடிகிறது. படம் எங்கே முடிகிறதோ அங்கே தணிவு. படத்தை ஞாயிற்றுக்கிழமை முடித்தால் ஞாயிற்றுக்கிழமைத் தணிவு. அவள் கல்யாண நாளில் முடித்திருந்தால் கல்யாண நாள் தணிவு என்று நாலு பக்கம் எழுதியிருப்பாள்.

இது அவளுக்குத் தெரியாத விஷயமா? மாணவியாக இருந்தபோதே தெரியும். தப்பைக் கடைசி நொடியிலிருந்து பின்னோக்கி ஓட்டும்போது, அந்தக் கடைசி நொடியில் அது பூஜ்யத்திலிருந்துதான் புறப்படும். அங்கே சரிவும் பூஜ்யம். எத்தனை அடி வைத்தாலும் கடைசி நொடியில் மட்டும் ஊகம் இம்மியும் நகராது. அதில் நியாயமும் இருக்கிறது. கடைசி ஆறு மணி நேரத்தில் நுழைந்த சூடு இன்னும் கம்பிக்கு வந்து சேரவே இல்லை, பாவம் கம்பி எதை வைத்துத் திருத்தும்? ஆகவே நாம் முதலில் என்ன சொன்னோமோ அதையே திருப்பிச் சொல்லும். அதனால்தான் கடைசி எட்டு மணி நேரத்தை வெட்டி எறிந்துவிட வேண்டும் என்று அவளே தன் புரோகிராமில் எழுதி வைத்திருந்தாள். அதனால்தான் படம் எப்போதும் ராத்திரி பத்து மணியோடு நின்றது. மேனேஜருக்கு அசிங்கமாக இருக்கிறதென்று, ஒரு நாளைக்குத்தானே என்று, அந்த எட்டைப் பூஜ்யமாக்கினவள் அவள்தான். திருப்பி மாற்ற மறந்தவளும் அவள்தான். ஆறு மணி நேரப் பழைய சேதி என்று இரண்டு தடவை பாடம் எடுத்தவளும் அவளேதான்.

இதெல்லாம் புரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பதினொரு வாரம் ஆகாதது அரை நிமிஷத்தில் ஆயிற்று.

கொழுந்தனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உலைப் பக்கம் போகிறவர்கள் போனை அலமாரியில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. அந்த விதியைக் கொண்டுவரச் சொன்ன பாதுகாப்புக் கமிட்டியிலும் அவள் ஓர் உறுப்பினர்.

ஓடினாள்.

ஜோசியரம்மா ஓடி அந்த ஆலையில் யாரும் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை. இரும்புப் படி மூன்று மாடி, வலது முழங்கால் ஒவ்வொரு படியிலும் ஒரு பேச்சு பேசியது. பேக்கிங் கூடத்தில் பாட்டில்கள் கிணுகிணுவென்று வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. "என்னம்மா, உலை வெடிக்கப்போகுதா?" என்று யாரோ சிரித்தார்கள். அவளுக்குப் பயமாக இருந்தது. கட்டுரை, கைதட்டல், மானம், மரியாதை எதுவும் அப்போது மனசில் இல்லை. போயிட்டு வா என்று தான் சொன்ன இரண்டு வார்த்தை மட்டும் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

உலையின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தபோது அவன் முகமூடியோடு சுவருக்கு ஒரு கை தூரத்தில் குனிந்து நின்றான். நீளக் கம்பியால் நாசிலைத் திருப்பிக்கொண்டிருந்தான். "வா வெளியே!" என்று கத்தினாள். காற்றாடிகளின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கிட்டப் போகச் சூடு விடவில்லை. காலில் இருந்த செருப்பைக் கழற்றி வீசினாள். பள்ளிக்கூட நாளிலிருந்து எதை எறிந்தாலும் குறி தப்புகிறவள், அன்றைக்குத் தப்பவில்லை. நடு முதுகில் விழுந்தது.

அவன் திரும்பினான், அவளைப் பார்த்தான், கம்பியைப் போட்டுவிட்டுச் செருப்பைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். முகமூடியைத் தூக்கினான். முகம் வெந்தாற்போல் சிவந்திருந்தது.

"என்ன அண்ணி, செருப்பால அடிக்கிற அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன்?"

"நீ இல்ல தம்பி. நான்," என்று சொல்லிவிட்டு அங்கேயே ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்து அழுதாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பை அவள் காலருகே ஜோடியாக, நேராக வைத்தான்.

மூன்று மணிக்குக் கூட்டம். வாசலிலேயே மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் எட்டு, பதினொன்று, பத்தொன்பது என்று ஏறியது. குரலைத் தாழ்த்தி, "தெர்மோகப்பிள் கோளாறுன்னு சொல்லிடலாமே. கம்பி வாய் திறந்து பேசவா போகுது?" என்றார். கம்பி பதினொரு வாரமாக வாய் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருந்தது என்று அவளுக்குத் தோன்றியது. உள்ளே போய் எழுந்து நின்றாள்.

"விடியற்காலைத் தணிவுன்னு ஒண்ணு கிடையாது சார். அது நான் முதல்ல வச்ச ஊகம். நான் சொன்னதையே கணக்கு எனக்குத் திருப்பிச் சொல்லுச்சு. அதுக்கு நான் நாலு பக்கம் விளக்கம் எழுதினேன்."

பெரிய ஆபீஸ்காரர்களில் வழுக்கைத் தலையர் ஒருவர், "நாங்க கைதட்டினோமேம்மா?" என்றார், ஏமாந்த குரலில்.

"ஆமா சார். நல்லாவே தட்டினீங்க."

"சரி, இப்ப உள்ள எவ்வளவு?"

"இப்ப எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. எப்பவுமே தெரிஞ்சதில்ல. காலைல ஆறு மணிக்குப் பத்தொன்பது. அதுகூட உண்மையைவிடக் குறைச்சலாத்தான் இருக்கும். உலையை நிறுத்திடுங்க சார், இன்னிக்கே. சுவர்ப் பக்கம் யாரையும் அனுப்பாதீங்க."

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கண்ணாடியை வடிக்க ஆரம்பித்தார்கள்.

உலை ஆறப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் உலைக்களத்து ஆட்கள் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "ஜோசியரம்மா, இன்னிக்குத் தணிவு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்கள். அவளும் நேரம் சொன்னாள். புரோகிராமில் பூஜ்யத்தை மறுபடி எட்டாக்கினாள். ஒரே ஓர் எழுத்து, அடிக்க ஒரு நொடி.

பதிமூன்றாம் நாள் சுவரை உள்பக்கமாகப் பார்க்கக் கொழுந்தன் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். டார்ச் அடித்துக் காட்டினான். ஒரு முழம் இருந்த சுவரில் பெரும்பகுதி ஒரு சாண்கூட இல்லை. செங்கலும் செங்கலும் சேர்கிற இடங்களில் கண்ணாடி இன்னும் ஆழமாக இடுக்குகளை அரித்திருந்தது. கம்பி எதுவும் செருகாத ஓர் இடத்தில் மிச்சம் இருந்தது விரல்கணக்கில். அந்த இடத்துக்கு நேர் வெளியே எது இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கோணிப்போய்ச் சரியாகத் திரும்பாத அந்த நாசில்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"தினம் காலைல இங்க யார் வந்து நிப்பாங்க?" என்றாள்.

"நான்தான் அண்ணி."

"ஷிப்டுக்கு எட்டு ஆள் இருக்காங்களே. ஃபோர்மேன் எதுக்கு?"

அவன் டார்ச்சை அணைத்தான். சங்கடப்பட்டான். "முதல் நாள் வந்தப்பவே தெரிஞ்சுது அண்ணி, தணியலன்னு. முந்தி பகல்ல நின்னப்ப எப்படிச் சுட்டுதோ அப்படியேதான் இருந்துச்சு. அப்புறம் போகப் போக இன்னும் கூடிச்சு. அதான் பசங்கள அனுப்ப மனசு வரல. நானே வந்துட்டேன்."

"தெரிஞ்சுமா வந்த?"

"நீங்க எழுதியிருக்கீங்க, பெரிய ஆளுங்கல்லாம் கைதட்டியிருக்காங்க. என் உடம்புக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். நாசில் வேலையும் நடந்தாகணுமே."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, தம்பி."

"சொன்னேனே அண்ணி, ரெண்டு தடவ. பழைய சேதின்னு சொல்லிட்டீங்க." குறையாகச் சொல்லவில்லை, அவள் மறந்திருப்பாளோ என்று ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னான்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவனைப் பற்றி அவள் வைத்த ஊகமும் அந்த எட்டைப் போலவே இம்மியும் நகராமல் இருந்திருக்கிறது. அவன் மட்டும் வெளியே நின்று வெந்துகொண்டிருந்தான். அவள் அவன் கையிலிருந்து டார்ச்சை வாங்கி மறுபடி ஏற்றி, அந்த இடத்தில் செங்கலின் மிச்சத்தின்மேல் தன் கையை வைத்து அளந்து பார்த்தாள். மூன்று விரல் வைத்தாள். நான்காவது விரலுக்கு அங்கே செங்கல் இல்லை.